சிங்க்திங்கும் போயிங்க்கும்: தங்கச்சிமடத்தில் சில வருடப் பழக்கம்

ஸ்டுடியோ தங்கச்சிமடத்தில், ஆல்பம் டிசைன் செய்கிற தம்பி ராமநாதபுரத்தில். கல்யாணம், ஞானஸ்நானம் என்று ஒரு விசேஷம் முடிந்தால் படமும் வீடியோவுமாகப் பல ஜிபி சேர்ந்துவிடும். முன்பெல்லாம் பென் டிரைவைக் கவரில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவோம். இப்போது அந்த வேலையை சிங்க்திங் என்ற, கம்ப்யூட்டர்களுக்குள் கோப்புகளை ஒரே மாதிரி வைத்திருக்கும் மென்பொருள் பார்க்கிறது. அதே எடிட்டிங் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் போயிங்க் ஓடுகிறது. அது விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிக் கணக்குகளை நம் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கும் மென்பொருள். இரண்டும் இலவசம். இரண்டையும் 'பியர் டு பியர்', அதாவது நடுவில் தலைமை சர்வர் இல்லாமல் கம்ப்யூட்டர்கள் நேராகப் பேசிக்கொள்வது, என்று ஒரே பையில் போடுகிறவர்கள் உண்டு. பழகிப் பார்த்தால் இரண்டின் குணமும் வேறு.

சிங்க்திங் 2013இல் வந்தது. இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒன்றின் அடையாள எண்ணை மற்றது ஏற்றுக்கொண்டால் போதும், நடுவில் யாரும் கோப்பை வாங்கி வைப்பதில்லை. கோப்பைத் துண்டு துண்டாக வெட்டித்தான் அனுப்பும். பாதியில் கரண்ட் போனால், வந்த பிறகு மிச்சத் துண்டுகள் மட்டும் போகும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு. ரோடு தோண்டுகிறவர்கள் கேபிளை அறுத்துவிட்டுப் போன நாளிலும், கடைக்குள் லேப்டாப்பிலிருந்து எடிட்டிங் கம்ப்யூட்டருக்குப் படம் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரே வைஃபையில் இருந்தால் இன்டர்நெட்டே தேவையில்லை.

தொல்லைகளும் உண்டு. எங்கள் இணைப்பில் பல வாடிக்கையாளர்களுக்குப் பொதுவாக ஒரே ஐபி முகவரி. அதனால் இரண்டு கம்ப்யூட்டரும் நேரடியாகப் பேச வழி கிடைக்காதபோது, ரிலே என்ற இடைநிலை சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். ரிலேக்காரரால் உள்ளே என்ன என்று படிக்க முடியாது, ஆனால் வேகம் படுத்துவிடும். அப்புறம், இரண்டு முனையும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். ரிசப்ஷன் முடிந்து நான் கார்டைக் காப்பி செய்யும்போது தம்பி கடையைப் பூட்டியிருப்பான். அதற்காகவே அவன் வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பை அணைக்காமல் வைத்திருக்கிறோம். இன்னொன்று, அங்கே அழித்தால் இங்கேயும் அழியும். பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியை ஆன் செய்யாமல் யாரும் இதை நம்ப வேண்டாம். பேக்கப் தனி.

போயிங்க் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. என் கம்ப்யூட்டர் தலைமை சர்வரிடம் ஒரு கணக்கை வாங்கும், முடித்துத் திருப்பிக் கொடுக்கும். பக்கத்து ஊரில் இன்னொருவர் ஓட்டினாலும் அவர் கம்ப்யூட்டரோடு இது பேசாது. முன்பின் தெரியாதவன் விடையை எப்படி நம்புவது? அதனால் ஒரே கணக்கைப் பெரும்பாலும் இரண்டு பேரிடம் கொடுத்து ஒத்துப் பார்க்கிறார்கள். 2010இல் போயிங்க் வழியாக ஓடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற ஆராய்ச்சித் திட்டத்தில் ஒரு பல்சர் நட்சத்திரம் சிக்கியது. அது அமெரிக்காவில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரிலும் ஜெர்மனியில் ஒருவரின் கம்ப்யூட்டரிலும் தென்பட்டது. சரி, தலைமையிடமே நிறுத்திவிட்டால்? வேற்றுக்கிரக சிக்னல் தேட 1999இல் தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டம் 2020 மார்ச் 31க்குப் பிறகு கணக்கு அனுப்புவதை நிறுத்தியது. உலகம் முழுக்க அதற்காக ஓடிய கம்ப்யூட்டர்களுக்கு அந்த வேலை அதோடு போனது. இதைப் பியர் டு பியர் என்று எப்படிச் சொல்வது? பல ஊர்க் கணினி மையங்களை இணைத்து ஒன்றாக வேலை வாங்கும் கிரிட் கம்ப்யூட்டிங்கின் ஒன்றுவிட்ட தம்பி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அசல் கிரிட்டில் நமக்கு இடமே கிடையாது. ஐரோப்பாவின் செர்ன் அணுத்துகள் ஆய்வகத்தின் கிரிட்டில் 40க்கும் மேற்பட்ட நாடுகளின் கணினி மையங்கள் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்திருக்கின்றன. மும்பையும் கொல்கத்தாவும் அதில் உண்டு. யார் நுழையலாம், எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கெல்லாம் சான்றிதழ், விதி. கிரிட்டின் முன்னோடிகளில் ஒருவரான இயன் ஃபாஸ்டரும் அட்ரியானா இயாம்னிட்சியும் 2003இல் எழுதினார்கள்: கிரிட் கட்டமைப்பைப் பார்த்துக்கொண்டது, பழுதை இன்னும் கவனிக்கவில்லை, பியர் டு பியர் பழுதைச் சமாளித்தது, கட்டமைப்பை இன்னும் கவனிக்கவில்லை, இரண்டும் ஒருநாள் ஒன்று சேரும். எங்கள் ஊர் கரண்டோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு முதல் பாதி உடனே புரியும். ஒன்று சேர்வதை என் கம்ப்யூட்டரில் இன்னும் பார்க்கவில்லை.

செலவைச் சொல்லியாக வேண்டும். போயிங்க் இலவசம், கரண்ட் இலவசமில்லை. கடைக் கணக்கில் இரண்டு மாத பில்லில் அது பளிச்சென்று தெரியும். அதோடு உப்புக் காற்று. ஃபேன் சுற்றச் சுற்ற அது உள்ளே போய், ராம் கார்டின் தங்கப் பற்களில் பச்சையாகப் படியும். கம்ப்யூட்டர் பீப் அடித்தால் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவதுதான் இங்கே முதல் வைத்தியம். போட்டோ வாங்க வந்த விசைப்படகுக்காரர் ஒருவர், "ஏன் தம்பி, ஆளே உட்காரல, இது யாருக்கு இப்படி இரையுது?" என்றார். "நட்சத்திரம் தேடுதுண்ணே" என்றேன். "மீன் தேடச் சொல்லு, டீசலாவது மிச்சமாகும்" என்றார்.

சித்திரை, வைகாசியில் போயிங்க்கை நிறுத்திவிடுகிறேன். மழைக்காலத்தில் பாதி பிராசஸர் மட்டும், யாரும் தொடாத நேரத்தில் மட்டும் என்று அமைத்து ஓடவிடுகிறேன். யுபிஎஸ் இல்லாதவர்கள் போயிங்க்கைத் தொடவே வேண்டாம். சிங்க்திங்கை ஸ்டுடியோக்காரர்கள் யார் கேட்டாலும் போடச் சொல்வேன். ஆண்ட்ராய்டு போனுக்கான அதிகாரபூர்வ ஆப் மட்டும் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. அதன் மூல நிரலை வைத்து வேறு ஆர்வலர்கள் நடத்தும் பதிப்பைப் போட்டு, பேட்டரி சிக்கனக் கட்டுப்பாட்டிலிருந்து அதை விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்ததும் அதுவும் தூங்கிவிடும்.