மைசூர் சுற்றுலாவுக்கு எங்களைக் கூட்டிச் சென்றவர் இப்போது ஜெய்ப்பூருக்கு ஆள் சேர்க்கிறார்

கிளிநொச்சிச் சந்தைப் பக்கத்திலும் பரந்தன் சந்தியிலும் புதிய துண்டுப்பிரசுரம் ஒட்டியிருக்கிறார்கள். இந்த முறை படத்தில் இருப்பது ஜெய்ப்பூரின் ஹவா மஹால். கீழே அச்சிட்டிருக்கும் தொலைபேசி இலக்கம், காலபோக அறுவடை முடிந்த கையோடு எங்களை மைசூருக்குக் கூட்டிச் சென்றவருடைய அதே இலக்கம். நெல் விற்ற காசையும் சீட்டெடுத்த காசையும் வைத்துக்கொண்டு போவோமா விடுவோமா என்று யோசிப்பவர்கள் எங்களுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். முறைப்பாடு கொடுத்திருப்பதால் அவருடைய பெயரையோ அலுவலகத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை.

எங்களுக்குக் காட்டிய பிரசுரத்தில் மைசூர் அரண்மனை இரவு வெளிச்சத்தில் தகதகவென்று நின்றது. படம் பொய்யில்லை. ஏறத்தாழ ஓர் இலட்சம் மின்குமிழ்கள் அந்த அரண்மனையில் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, அரசு விடுமுறை நாள், தசரா என்று பார்த்துத்தான் அந்தக் காட்சிக்குப் போக வேண்டும். எங்களைக் கொண்டுபோய் இறக்கியது விடுமுறையே இல்லாத ஒரு புதன்கிழமை. நாளைத் தெரிவு செய்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. வார நாளில் பஸ்ஸும் ஹோட்டலும் மலிவு.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், அங்கிருந்து இரவு பஸ். விமானத்தில் குறை இல்லை. வழியில் வேலூர் வந்தபோது எங்களோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை ஆங்கிலேயர் சிறை வைத்திருந்ததும், 1832இல் அவன் இறந்ததும் இந்த ஊரில்தான் என்றும், அவனுடைய சமாதியைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாமா என்றும் கேட்டார். நேரம் இல்லை என்று பதில் வந்தது. மறுநாள் கடை கடையாக ஏற்றி இறக்கியபோது அந்த நேரமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அவர் பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதல் ஏமாற்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்தது. திப்பு சுல்தான் 1784இல் கட்டிய தரியா தௌலத் மாளிகை அங்கே இருக்கிறது. 1780இல் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயப் படையை முறியடித்த போர் சுவர் முழுக்கத் தீட்டப்பட்டிருக்கிறது. பஸ் நின்றதும் வழிகாட்டி என்று ஒருவர் ஏறி, வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 300 இந்திய ரூபா என்று தலைக்குத் தலை வசூலித்தார். சிறுவர்களுக்கும் சேர்த்துத்தான். உள்ளே போகும்போது எங்களோடு வந்த உயர்தர மாணவி ஒருத்தி அறிவிப்புப் பலகையை நின்று வாசித்தாள். இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் உள்ள இடங்களில் சார்க் எனப்படும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கும் இந்தியர்களுக்கும் ஒரே கட்டணம். இந்த மாளிகைக்கு அது 25 ரூபா. பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். இலங்கை சார்க் நாடுதானே என்று அவள் கேட்டதற்கு, அந்த விதியெல்லாம் பழையது, தங்கச்சி என்று வழிகாட்டி சிரித்தார். அவர் கையில் இருந்த டிக்கெட்டுகளில் 25 என்று அச்சாகியிருந்தது. அவள் தொலைபேசியில் படம் எடுத்துவிட்டாள். எங்கள் கடவுச்சீட்டுகளைக் காட்டித்தான் அவர் சலுகை விலையில் வாங்கியிருக்கிறார், ஒவ்வொருவரிடமும் 275 இந்திய ரூபாவை அமுக்கியிருக்கிறார். எங்கள் காசில் கணக்குப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு நல்ல தொகை வரும்.

கடவுச்சீட்டுகள் எங்கள் கையைவிட்டு எப்படிப் போயின என்று கேட்பீர்கள். ஹோட்டலில் பதிய வேண்டும் என்று சென்னையில் இறங்கியதுமே அமைப்பாளர் எல்லாவற்றையும் வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல்காரர் விபரம் அனுப்ப வேண்டும் என்பது உண்மை. அதற்கு அவர்கள் கடவுச்சீட்டையும் விசாவையும் பார்த்துப் பிரதி எடுத்தால் போதும். திரும்பும் நாள் வரை ஒருவர் பையில் மொத்தமாகக் கிடக்கத் தேவையில்லை. கையில் கடவுச்சீட்டு இல்லாததால் ஒருவரும் கூட்டத்தை விட்டு ஓட்டோ பிடித்துத் தனியே போகத் துணியவில்லை. ஆவணம் கைவிட்டுப் போனால் என்ன பாடு என்று பல முறை இடம்பெயர்ந்த சனங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? அந்தப் பயம் அவருக்கு வசதியாகப் போயிற்று.

மைசூருக்குள் நுழையும்போது காலை பதினொரு மணி இருக்கும். அரண்மனை காலை பத்து மணி முதல் மாலை ஐந்தரை வரை திறந்திருக்கும். போதிய நேரம் இருந்தது. முதலில் பட்டுக்கடை என்றார்கள். கடையின் பெயர்ப்பலகையில் அரசு என்ற சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே போனபின் கதவருகே ஒருவர் நின்றுகொண்டார், எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை பஸ் எடுக்கமாட்டார்கள். பெரியம்மா 6,500 இந்திய ரூபாவுக்கு மைசூர்ப் பட்டு என்று ஒரு சேலை எடுத்தார். பிறகு சந்தன எண்ணெய்க் கடை, பிறகு ஊதுபத்திக் கடை, பிறகு மரச்சிற்பக் கடை. சாப்பாடு கூட ஒரு கடையின் பின்கட்டில். அசல் சந்தன எண்ணெய் கிலோ ஓர் இலட்சம் இந்திய ரூபாவுக்கும் மேல் விலைபோகிற பொருள். அதைச் சில நூறு ரூபாவுக்குச் சிறு போத்தலில் அள்ளி வழங்கும் தர்மவான்கள் அந்தத் தெருவில் இருந்தார்கள்.

அரண்மனை வாசலுக்குப் போனபோது டிக்கெட் கொடுக்கும் இடம் மூடப்பட்டிருந்தது. வேலிக்கு வெளியே நின்று படம் எடுக்கச் சொன்னார்கள். பழைய மர அரண்மனை 1897இல் திருமண விழாவின்போது தீப்பிடித்து எரிந்தபின், ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடத்தில் 1912இல் கட்டி முடித்தது இப்போது நிற்பது. உள்ளே கல்யாண மண்டபத்தின் மேற்கூரையில் மயில் உருவங்களோடு வண்ணக் கண்ணாடி இருக்கிறது, கிளாஸ்கோவில் செய்து கொண்டுவந்தது. அதைப் பார்க்கத்தான் ஆசிரியர் வந்தார். ஊர் திரும்பிய பிறகு பேரப்பிள்ளை தொலைபேசியில் காட்டிய காணொளியில் பார்த்தார்.

சாமுண்டி மலையைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் விடியவே போனோம், தரிசனம் நன்றாகக் கிடைத்தது. படிவழியில் இருக்கும் ஒற்றைக்கல் நந்தியை மட்டும் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்த பெரியம்மா சேலை முந்தானையில் ஒரு நூலை உருவி எரித்துப் பார்த்தார். பட்டு என்றால் மயிர் கருகும் வாடை வரும், சாம்பலைத் தொட்டால் பொடியாகும். இது உருகிக் கறுத்த மணியாகத் திரண்டது. அசல் மைசூர்ப் பட்டை நெய்து விற்பது கர்நாடகப் பட்டுத் தொழில் கழகம் என்ற அரசு நிறுவனம். அதன் ஆலை மைசூரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சேலைக்கும் தனி இலக்கம் உண்டு. அந்த இலக்கம் இல்லாத சேலையை எவர் எந்தப் பலகையைக் காட்டி விற்றாலும் வாங்காதீர்கள்.

அமைப்பாளரிடம் போய்க் கேட்டோம். பெங்களூரு வாகன நெரிசலால் நேரம் போய்விட்டது என்றார். நாங்கள் விடியற்காலையில் பெங்களூரைத் தாண்டியவர்கள். டிக்கெட் காசு வழிகாட்டி செய்த வேலை, தனக்குச் சம்பந்தமில்லை என்றார். கடைக்காரர்களிடம் தரகு வாங்கினீர்களா என்று ஆசிரியர் நேராகவே கேட்டார். அதற்குப் பதிலே இல்லை, தேநீர் வரவழைத்தார்.

இப்போது நாங்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து, எழுத்திலும் முறையிட்டிருக்கிறோம். பிரசுரம், பணம் கட்டிய ரசீது, அந்த மாணவி எடுத்த டிக்கெட் படம் மூன்றையும் இணைத்திருக்கிறோம். ஜெய்ப்பூருக்குப் பணம் கட்டியே தீருவோம் என்பவர்கள், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இறங்குவது, நுழைவுக் கட்டணம் தொகையில் சேர்ந்ததா, கடையில் நிற்பார்களா என்பதைக் கையொப்பத்தோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் முற்பணம் கட்டாதீர்கள்.

எங்களோடு மைசூர் வந்தவர்களுக்கு இன்னொன்று. பழைய ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தால் ஜெய்ப்பூர்ப் பயணத்துக்கு விலைக்கழிவு தருவதாக இந்தக் கிழமை வீடு வீடாக அழைப்பு வருகிறது. முல்லைத்தீவில் இருவர் கொடுத்தும்விட்டார்கள். மூல ரசீதைக் கையைவிட்டு விடாதீர்கள். முறைப்பாட்டில் பெயர் சேர்க்க விரும்பினால் அதன் இரு பக்கத்தையும் பிரதி எடுத்து எங்களோடு வந்த அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கொடுங்கள்.