சைக்கிளுக்கு ஹெல்மெட்: போடுவது வேறு, கட்டாயமாக்குவது வேறு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரண்டு கூட்டம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை பக்கம் கியர் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் ஒரு கூட்டம். தலையில் ஹெல்மெட், கையில் கிளவுஸ், பின்னால் சிவப்பு லைட். அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், கேரியரில் புல்லுக்கட்டோடு வரும் பெரியவர்கள் இன்னொரு கூட்டம். இவர்கள் தலையில் மிஞ்சிப்போனால் ஒரு துண்டு இருக்கும். ஹெல்மெட் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் முழுக்க முதல் கூட்டத்துக்குள் நடக்கிறது. சட்டம் என்று ஒன்று வந்தால் மாட்டிக்கொள்வது இரண்டாவது கூட்டம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு பைக்குக்குத்தான் ஹெல்மெட் கேட்கிறது. மிதிக்கிற சைக்கிளைக் கேட்பதில்லை.

முதலில் தலையை மட்டும் பார்ப்போம். 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, அடிபட்ட 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களின் விவரங்களை அலசினார்கள். ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலையில் கடுமையாக அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. இது ஏற்கெனவே அடிபட்டவர்களுக்குள் செய்த ஒப்பீடு. ஹெல்மெட் போட்டால் விபத்தே நடக்காது என்று யாரும் சொல்லவில்லை.

உள்ளே இருப்பது தெர்மாகோல் வகை நுரைதான். அடி விழும்போது அது நசுங்கி, மண்டைக்குப் போக வேண்டிய அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஐரோப்பியத் தரச் சோதனையில் இதைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புப் பரப்பின் மேல் போடுகிறார்கள். மோதும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் சைக்கிளிலிருந்து சாய்ந்து விழும்போது தலை ரோட்டில் எவ்வளவு பலமாக இடிக்கும் என்பதைப் பெரும்பாலும் விழுகிற உயரம்தான் தீர்மானிக்கிறது. வத்தல்மலை இறக்கத்தில் 40-இல் வரும்போது மண்ணில் சறுக்கி விழுந்தாலும், தலை கிட்டத்தட்ட அதே உயரத்திலிருந்துதான் தாரில் இறங்கும். சறுக்கின வேகத்தில் நேராகப் பாறையில் போய் மோதினால் அது வேறு கதை. லாரி இடித்தாலும் அப்படித்தான்.

ஹெல்மெட் வேண்டாம் என்பவர்கள் பிடித்துக்கொள்வது அந்த லாரியைத்தான். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் இறங்கும் லாரிக்கு முன்னால் தெர்மாகோல் என்ன செய்யும்? சரியான கேள்வி, ஒன்றும் செய்யாது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்து இயன் வாக்கர் சைக்கிளில் சென்சார் கட்டி ஓட்டிப் பார்த்ததையும் காட்டுவார்கள். ஹெல்மெட் போட்டிருந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருக்கமாக முந்திப் போயினவாம். அந்தக் கணக்கு தேறாது என்று பிறகு வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். நம் தேசிய நெடுஞ்சாலை 44-இல் முந்துகிறவர் சைக்கிள்காரரையே பார்ப்பதில்லை, அவர் தலையில் என்ன இருக்கிறது என்றா பார்க்கப்போகிறார்!

நெதர்லாந்தில் யாருமே போடுவதில்லையே என்பதும் அடிக்கடி வரும். அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கிறது. இங்கே இருப்பது சர்வீஸ் ரோடு. பஸ் நிற்பதும் அங்கேதான், டீக்கடைக்கு லாரி ஒதுங்குவதும் அங்கேதான், எதிர்ப்பக்கமாக பைக் வருவதும் அங்கேதான்.

ஆக, தலையைப் பொறுத்தவரை போடுவதுதான் நல்லது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. சட்டம் என்று வரும்போதுதான் நான் மாறுகிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990-இல் சைக்கிளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு மெல்போர்னில் பதின்வயதுப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது குறைந்துபோனது. சட்டத்தால்தானா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நியூசிலாந்து 1994-இல் கொண்டுவந்தது, இன்றும் வைத்திருக்கிறது. மெக்சிகோ நகரம் 2010-இல் அப்படிப்பட்ட விதியை நீக்கிவிட்டது.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் முதலில் பதினொன்றாம் வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காக வந்தது, பிறகுதான் எல்லாருக்கும் விரிந்தது. பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரெட்டை ஜடையும் ரிப்பனுமாக வரும் பிள்ளையை வழியில் நிறுத்தி அபராதம் கேட்டால் என்ன ஆகும்? மறுநாள் சைக்கிள் வீட்டில் நிற்கும். அவள் சித்தப்பாவின் பைக்கில் மூன்றாவது ஆளாகப் பள்ளிக்குப் போவாள். அது இதைவிட ஆபத்து. சைக்கிளோடு ஒரு ஹெல்மெட்டையும் அரசே கொடுக்கட்டும், வகுப்பில் அதை வைக்க இடமும் இருக்கட்டும். அபராதம் மட்டும் வேண்டாம்.

வீட்டில் கிடக்கும் பைக் ஹெல்மெட்டையே போட்டுக்கொண்டால் என்ன? காலையில் பக்கத்துத் தெரு வரைக்கும் என்றால் போகலாம். ஏப்ரல் வெயிலில் ஏற்றம் மிதித்தால் உள்ளே வெந்துவிடும், காற்றோட்டம் போதாது. கனமும் அதிகம், பின்னால் வரும் வண்டிச் சத்தமும் அமுங்கும். அப்பாவின் ஹெல்மெட்டைப் பிள்ளைக்கு மாட்டுவது இன்னும் மோசம். அடி விழுவதற்கு முன்பே தலையில் சுழன்று கண்ணை மறைக்கும்.

சொந்தச் செலவு என்றால், இருட்டில் வீடு திரும்புகிறவருக்கு முதலில் பின்பக்கச் சிவப்பு லைட். அதுதான் லாரியை ஒதுங்கிப் போகவைக்கும் பொருள். மலை இறக்கத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டுகிறவருக்கும், புதிதாகக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கும் ஹெல்மெட்டைத் தள்ளிப்போடவே கூடாது. வாங்கும்போது புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும், வாரை மாட்டிய பிறகு ஆட்டினால் நகரக்கூடாது. ஒருமுறை பலமாக அடி வாங்கிவிட்டால், வெளியே கீறலே தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். நசுங்கின நுரை மறுபடி எழும்பாது. ரோட்டோரத்தில் குவித்து விற்கிறார்களே, மேலே ஓடு மட்டும் இருந்து உள்ளே நுரையே இல்லாத ரகம், அதை வாங்குகிற காசுக்கு பிரேக் கட்டையை மாற்றிக்கொள்ளலாம்.