பக்கத்து மனையில் பைலிங்: நான் வாங்கிய கிராக் கேஜ் எப்படி?

பெரம்பூரில் எங்கள் வீட்டை ஒட்டிய மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு, அடுக்குமாடிக்கு பைலிங் (ஆழமாகக் குழி துளைத்து கான்கிரீட் தூண் இறக்குவது) போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், சுவர் விரிசல் அசைகிறதா என்று காட்டும் இந்த கிராக் கேஜை ஆன்லைனில் வாங்கினேன். விலை சில நூறு ரூபாய்தான். மாதவரம், மூலக்கடை, பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி என்று மெட்ரோ இரண்டாம் கட்டச் சுரங்கம் போகிற வழியில் இருக்கும் தெரிந்தவர்களும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ரயில்வே லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அளவு விஷயத்தில் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன்.

இரண்டு அக்ரிலிக் தகடுகள், அவ்வளவுதான். ஒன்றில் மில்லிமீட்டர் கட்டம், இன்னொன்றில் சிவப்புக் கூட்டல் குறி. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்றையும் அந்தப் பக்கம் ஒன்றையும் ஒட்டினால் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படியும். விரிசல் அகன்றால் குறி பக்கவாட்டில் போகும், ஒரு பக்கச் சுவர் இறங்கினால் மேலும் கீழும் போகும். ஒட்டும்போது தகடுகள் நகராமல் இருக்க நான்கு சின்ன முளைகள் உண்டு. பசை இறுகியதும் அவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் குறி பூஜ்யத்திலேயே நிற்கும், நாமும் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருப்போம்.

முன்பெல்லாம் மேஸ்திரிகள் விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டுவார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைகிறது என்று அர்த்தம். எவ்வளவு, எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. இது சொல்கிறது. அந்த வகையில் காசுக்கு மோசமில்லை.

ஆனால் பெட்டியில் வருகிற இரட்டைப் பக்க டேப் தண்டம். எங்கள் வீடு சுண்ணாம்புப் பூச்சு, கத்திரி வெயிலில் டேப் உரிந்து தொங்கியது. டிஸ்டெம்பரையும் பூச்சையும் செங்கல் தெரிகிறவரை சுரண்டிவிட்டு அரால்டைட் பசை போட்ட பிறகுதான் நின்றது. எங்கே ஒட்டுவது என்பதற்கு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். எங்கள் மேஸ்திரி விரலால் தட்டிக்கொண்டே வந்து, “இது பூச்சு வெடிப்பு சார், செவுரு வெடிப்பு அப்பால கீது” என்றார். டொக் டொக்கென்று காலியாகக் கேட்கிற இடத்தில் ஒட்டிப் புண்ணியமில்லை.

குழி துளைக்கும் ரிக் வருவதற்கு முன்பே ஒட்டி, காலையும் மாலையும் எழுதிவைத்தேன். மேற்குச் சுவரில் குறி தினமும் அரைக் கட்டம் போய்த் திரும்பியது. பக்கத்தில் ஒரு துளைகூடப் போடவில்லை, வெறும் வெயில்தான். இந்த முன்கணக்கு இல்லாமல், வேலை ஆரம்பித்த பிறகு ஒட்டிவிட்டு அரை மில்லிமீட்டருக்குச் சண்டைக்குப் போனால் நம் பேச்சு எடுபடாது.

கட்டங்கள் ஒரு மி.மீ. இடைவெளியில் இருப்பதால் அதற்குக் கீழே எல்லாம் கண் மதிப்புதான். கட்டடச் சேதத்தை வகைப்படுத்தும் பொறியாளர் பர்லேண்டின் அட்டவணையில், விரிசல் அகலம் 1 மி.மீ. வரை மிகச் சிறியது, 5 மி.மீ. வரை சிறியது, 15க்கு மேல் போனால் கடுமையானது. அந்தக் கணக்குக்கு இந்த கேஜ் போதும். முன்கூட்டியே தெரியவேண்டும் என்றால் விரிசலின் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என முக்கோணமாக மூன்று பித்தளைத் திருகுகளை அடித்து, வெர்னியர் காலிப்பரால் இடைவெளியை அளப்பது பல மடங்கு நுணுக்கம். நான் இரண்டையும் செய்தேன்.

இனி முக்கியமான குறை. இது சுவரின் கதையை மட்டும்தான் சொல்லும். துளைப்பதால் முதலில் அசைவது தரை. பைல் குழியை பென்டோனைட் என்ற களிமண் குழம்பு நிறைத்துத் தாங்கவேண்டும். குழம்பு மட்டம் இறங்கினால் நிலத்தடி நீரோடு மணலும் குழிக்குள் சரியும், சுற்றுப்புறத் தரை அமுங்கும். ஆறு அங்குல போர்வெல் துளையால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் கம்ப்ரஸர் வைத்து ஊதும்போது விடாமல் மணல் கொட்டினால் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோ மாதிரி சுரங்கம் தோண்டினால் மேலே தரை எவ்வளவு இறங்கும் என்பதற்கு 1969இல் பொறியாளர் பெக் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது. 6.6 மீட்டர் விட்டம், 20 மீட்டர் ஆழம், களிமண், வெட்டிய பரப்பில் 1 சதவீத மண் கூடுதலாக உள்ளே வந்தது என்று போட்டால், நேர் மேலே சுமார் 14 மி.மீ. இறங்கும். பள்ளம் ஏறக்குறைய 25 மீட்டர் தூரம் இரு பக்கமும் விரிந்து கிடக்கும். வீடு மொத்தமும் ஒரே சீராக இறங்கினால் விரிசல் விழாது, கேஜும் வாய் திறக்காது.

அதனால் ஒரு சர்வேயரை, உயர வித்தியாசம் பார்க்கும் ஆட்டோ லெவலோடு கூப்பிட்டேன். வீட்டின் நான்கு மூலையிலும் ஆணி அடித்து, மனைக்கு எட்டத்தில் இருக்கும் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலின் பழைய கருங்கல் படியை ஆதாரமாக வைத்தோம். கேஜைவிட இதற்குப் பல மடங்கு செலவு. வேலை சுத்தம்தான், ஆனால் ஸ்டாஃப் (உயரமான அளவுகோல்) பிடித்த பையன், நேராக இருக்கிறதா என்று காட்டும் குமிழியைப் பார்க்காமல் சாய்த்துப் பிடித்தான். “தம்பி, நேரா புடிப்பா” என்று நான்தான் கூடவே நின்றேன். கூப்பிடுவதாக இருந்தால், கடைசியில் மறுபடி படிக்கே வந்து முடித்தபோது எத்தனை மி.மீ. பிசகியது என்று கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு ஒன்றுக்கும் குறைவு.

பைலிங் முடிந்தபோது கேஜில் குறி அந்த வெயில் ஆட்டத்தைத் தாண்டவே இல்லை. லெவலில் மனைப் பக்க மூலை 3 மி.மீ. இறங்கியிருந்தது. பில்டரின் இஞ்சினியர் முதலில் சிரித்தார். ரிக் வருவதற்கு முன் எடுத்த தாளையும் சேர்த்து நீட்டியதும், அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் எங்கள் பக்கம் மண் சரியாமல் தடுக்கும் ஷீட் பைல் (இரும்புத் தகட்டுத் தடுப்பு) போடச் சம்மதித்தார்.

“இன்னா அங்கிள், சாட்டிலைட்லயே பாக்கலாமே” என்றான் எதிர்வீட்டுப் பையன். பார்க்கலாம். தரை அசைவை ராடாரால் பார்க்கும் நிசார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30 அன்று இதோ பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் போனது. 12 நாளுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்பும். கலிஃபோர்னியாவில் லாங் பீச் பக்கம் எண்ணெய் எடுத்து எடுத்து நிலம் சுமார் 9 மீட்டர் இறங்கியது. அப்படி ஊர் அளவில் மெல்ல இறங்குவதைப் பிடிக்க ராடார் படம் அருமையான வழி. ஒரே ஒரு வீட்டு மூலையின் 3 மில்லிமீட்டருக்குக் கருங்கல் படியும் லெவலும்தான்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். வேலை ஆரம்பிக்கும் முன் ஒட்டுவீர்கள் என்றால் மட்டும். ஐந்துக்கு மூன்று. டேப்புக்குப் பதில் நாலு திருகும் ராவல்பிளக்கும் போட்டுக் கொடுத்திருந்தால் இன்னொன்று சேர்த்திருப்பேன்.