உப்புக்காற்று வீட்டுக்கு எந்தச் சுவர்க்கடிகாரம்?

குளச்சலுக்கு அருகே, கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறைக்கு அழகான சுவர்க்கடிகாரம் ஒன்று தேடியபோது, மூன்று வகைகள் கடைசிவரை மனத்தில் நின்றன: சாவி கொடுத்து ஓட்டும் பழைய பெண்டுலக் கடிகாரம், இரும்புத் தகட்டில் இலையும் கொடியுமாக வெட்டியெடுத்த அலங்காரக் கடிகாரம், கெட்டி மரத்தாலான எளிய வட்டக் கடிகாரம். இப்போது சுவரில் இருப்பது மூன்றாவது. இரண்டாவதை வாங்கி ஏமாந்த பிறகே அங்கு வந்து சேர்ந்தேன்.

நேரத் துல்லியத்தில் பின்னிரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டிலும் ஓடுவது நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகமும் 1.5 வோல்ட் பேட்டரியும்தான். கூடுதல் விலை முழுவதும் வெளித்தோற்றத்துக்கே போகிறது.

பத்மநாபபுரம் அரண்மனை மணிக்கூண்டையும், 1893இல் திறக்கப்பட்ட நாகர்கோவில் மணிமேடையையும் பார்த்து வளர்ந்த மாவட்டத்தில் இயந்திரக் கடிகாரத்தின்மேல் பிரியம் இருப்பதில் வியப்பில்லை. பெரியப்பா வீட்டில் எட்டு நாளுக்கொருமுறை சாவி கொடுக்கும் கடிகாரம் ஒன்று உண்டு. அதன் மணியோசைக்கு ஈடான ஓசை வேறெந்தக் கடிகாரத்திலும் இல்லை. ஆனால் அது சற்றுச் சாய்ந்தாலும் நின்றுவிடும். கோடையில் பெண்டுலத் தண்டு நீண்டு பின்தங்கும்போது, குண்டின் அடியிலுள்ள திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். அங்கு விருந்தாளியாகப் பார்த்ததைத் தவிர அதைப் பராமரித்த பழக்கம் எனக்கில்லை என்பதால், அதன் குறையை இதற்குமேல் பெரிதுபடுத்த மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது உப்பு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என இரண்டும் நனைக்கும் இந்த மண்ணில், காற்றிலுள்ள உப்பு எந்தப் பரப்பிலும் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. இரும்புக் கடிகாரத்தின் கறுப்புப் பூச்சு தட்டையான பகுதிகளில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேலைப்பாடு கூடக்கூட வெட்டு விளிம்புகளும் கூடுகின்றன, கூரான விளிம்புகளில்தான் பூச்சு மெலிதாக ஒட்டுகிறது. எதற்காக ஆசைப்பட்டு வாங்கினோமோ அந்த இலை நுனிகளிலிருந்தே துரு தொடங்கி, முதல் மழைக்காலம் முடிவதற்குள் வெள்ளைச் சுவரில் செம்பழுப்புக் கோடுகளாக வழிந்தது. சுரண்டி மறுபூச்சுப் பூசலாம்தான். அத்தனை கொடிகளுக்கிடையே உப்புத்தாள் நுழைய வேண்டுமே. தக்கலை போல உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் இதே கடிகாரம் நெடுநாள் உழைக்கக்கூடும். அங்கு நான் வைத்துப் பார்த்ததில்லை.

மரம் என்று சொல்லி விற்பதெல்லாம் மரமல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் மரத்தோல் ஒட்டியது ஈரம் குடித்து ஓரம் உப்பிவிடும். நாங்கள் வாசல் கதவுக்கு அறுத்ததில் மிஞ்சிய அயனிப் பலகையை வட்டமாக வெட்டச் செய்து, எண்ணெய் மட்டும் பூசினோம். பலகை 18 மி.மீ. கனம் இருந்ததால் முட்களை மாட்டும் தண்டு மறுபுறம் எட்டவில்லை. தச்சர் பின்பக்கத்தைக் குடைந்து மிஷினைப் பொருத்தினார். ஆகவே மிஷின் வாங்குவதற்கு முன் பலகையின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். முட்களும் இலேசாக இருக்கட்டும்: கனமான முள் ஒன்பதைத் தாண்டி மேலேறத் திணறும், பேட்டரி தளரும்போது நொடிமுள் அங்கேயே நின்று துடிக்கும்.

உப்பு மிஷினையும் விடாது, பேட்டரி தொடும் கம்பிச்சுருளில் பச்சை பூக்கும். ஆனால் மிஷின் சில நூறு ரூபாய்க்குள் கிடைப்பது. நட்டைக் கழற்றிப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம், பலகை அப்படியே நிற்கும். இரும்பில் கெட்டுப்போனது மாற்ற முடியாத பகுதி, மரத்தில் கெடுவது மாற்றக்கூடிய பகுதி. என் சாய்வுக்குக் காரணம் இவ்வளவுதான். எங்கள் அயனிக் கடிகாரம் இரண்டு ஆண்டுகளையே கண்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்கவும்.

ஒரு பிழை மட்டும் செய்தேன்: எண்களைப் பித்தளையில் பதிக்கச் சொன்னேன். அவை மாதம் ஒருமுறை மங்குகின்றன. அம்மா குத்துவிளக்குக்குப் புளி கரைக்கும் நாளில் கடிகாரத்தையும் இறக்கித் தரச் சொல்கிறார்.