குறுக்குவிசை: திரையில் காட்டும் கருவியா, மேசையில் ஒட்டிய தாளா?

குறுக்குவிசை என்றால், மெனுவில் தேடாமல் சில விசைகளைச் சேர்த்து அழுத்தியே வேலையை முடிப்பது. அவற்றை மறந்தால் பார்த்துக்கொள்ள, திரையில் பட்டியல் காட்டும் கருவி ஒரு வழி, பட்டியலை அச்சடித்து மேசையில் ஒட்டுவது இன்னொரு வழி. வெள்ளவத்தையில் டிசைன் வேலை பழகும் தம்பி ஒருவர், "அண்ணா, இரண்டில் எது நல்லம்?" என்று கேட்டார்.

செலவு: தாளுக்கு போட்டோகொப்பிக் கடையில் பிரின்டும் லெமினேட்டும் போதும். கருவியென்றால், ஆப்பிளின் மெக் கணினிக்கான கீக்யூவுக்குக் (KeyCue) காசு. விண்டோஸுக்கான பவர்டோய்ஸ் (PowerToys) இலவசம்.

வசதி: வித்தியாசம் இங்கேதான். கீக்யூ இருந்தால் கமாண்ட் விசையைச் சற்று அழுத்திப் பிடித்தால் போதும். அப்போது திறந்திருக்கும் செயலியின் மெனுவிலுள்ள குறுக்குவிசைகள் திரையில் விரியும். போட்டோஷொப்பிலிருந்து எக்செலுக்குத் தாவினால் பட்டியலும் தாவும். தாளில்? ஐந்து செயலிக்கு ஐந்து தாள், மேசை முழுக்க செலோடேப்.

பவர்டோய்ஸில் பட்டியலைப் பார்க்க விண்டோஸ், ஷிஃப்ட், சாய்கோடு (/) மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஆனால் அது முதலில் விண்டோஸ் விசையோடு சேரும் குறுக்குவிசைகளுக்காக வந்த கருவி. போட்டோஷொப்புக்கென்று அதை நம்பி இறங்க வேண்டாம்.

உழைப்பு: செயலி புதுப்பித்தால் தாள் பழசாகிவிடும், திரும்ப அச்சடிக்க வேண்டும். (என் தாளில் தேநீர்க் கறை வேறு.)

அனுமதி: அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்றால் பேச்சே இல்லை, தாள்தான்.

தம்பியிடம் சொந்த மெக் இருக்கிறது, நாளுக்கு நாலு செயலி மாற்றுகிறார். அவருக்குக் கீக்யூ. நாள் முழுக்க எக்செல் மட்டும் திறந்திருக்கும் கணக்காளர் அக்காவுக்கு ஒரு தாள் போதும். விசைகள் மனப்பாடமானதும், இரண்டு மாதத்தில் அதுவும் தேவைப்படாது.