3 பென்னி ஏர்கிராஃப்: பயிற்சி விமானிக்குப் போதுமா?

இரண்டாம் உலகப்போரில் ஊரை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளிப் போய் விமானம் ஓட்டக் கற்றவர்களுக்கு இருந்த தபால் வசதிகளில், கடிதத்தைப் படச்சுருளில் பிடித்து விமானத்தில் அனுப்பிய ஏர்கிராஃபுக்குத்தான் பெயர் அதிகம். பெயருக்கு ஏற்ற சரக்கும் உண்டு. ஆனால் நாலு பக்கக் கடிதத்துக்கு மாற்று என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். கொஞ்சம் நீளமான தந்தி என்று எடுத்துக்கொண்டால் கொடுத்த காசுக்கு மேலேயே உழைத்தது.

சேவை பிறந்ததே கடல்வழி அடைபட்டதால். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடலில் கப்பல் விடுவது ஆபத்தாகிவிட்டது. கெய்ரோவில் இருந்த படைக்கு வரும் கடிதமெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர வேண்டிய நிலை. விமானத்தில் ஏற்றலாம் என்றால் எடை இடித்தது. கோடாக் நிறுவனத்தின் நுண்படத் தொழில்நுட்பத்தை பிரிட்டிஷ் தபால்துறை கையில் எடுத்தது. 1941 ஏப்ரலில் கெய்ரோவிலிருந்து முதல் சுருள் கிளம்பியது. பிறகு தென்னாப்பிரிக்கா, இந்தியா என்று வலை விரிந்தது.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் பாரக்வநாத்தில் டைகர் மாத் பயிற்சி விமானம் ஓட்டிப் பழகிய பிரிட்டிஷ் இளைஞனை எடுத்துக்கொள்வோம். அவனுக்குத் தூரத்தைவிடப் பெரிய தொல்லை முகவரி. தொடக்கநிலைப் பள்ளியில் சில மாதம். தேறினால் வேறு ஊரில் அடுத்த பள்ளி. தேறாவிட்டால் பைலட் வரிசையிலிருந்து கழித்துவிட்டு நேவிகேட்டர் (விமானத்தில் வழி கணிப்பவர்) போன்ற வேறு பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள். கப்பல் கடிதம் வாரக்கணக்கில் பயணப்படும். அம்மாவின் பதில் வந்து சேரும்போது பையன் அங்கே இருக்க மாட்டான். ஆகவே “தனியாகப் பறந்துவிட்டேன்”, “புதிய முகவரி இது” என்ற இரண்டு செய்திக்கும் ஏர்கிராஃப் நல்ல தேர்வு.

வேலை நடக்கும் விதம் எளிது. தபால் நிலையத்தில் கிடைக்கும் படிவத்தில் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும். படைவீரருக்கு 3 பென்னி, பொதுமக்களுக்கு 8 பென்னி. தணிக்கை முடிந்ததும் படிவத்துக்கு எண் இட்டு, 16 மி.மீ. படச்சுருளில் பிடிப்பார்கள். சுருள் மட்டும் விமானம் ஏறும். 50,000 கடிதம் 13 பவுண்டுக்குள், அதாவது சுமார் 6 கிலோவில் அடங்கியது. சாதாரணக் கடிதமாக இருந்தால் முக்கால் டன். போய்ச் சேர்ந்த இடத்தில் பெரிதாக்கி, புகைப்படத் தாளில் அச்சிட்டு, வெட்டி, முகவரி தெரியும்படி சன்னல் வைத்த சிறு உறையில் போட்டு விநியோகிப்பார்கள்.

இந்தச் சேவையில் மனம்விட்டுப் பாராட்ட வேண்டிய இடம் ஒன்று: சுருள் பத்திரமாகச் சேர்ந்தது என்று தகவல் வரும்வரை மூலப்படிவத்தை அழிக்க மாட்டார்கள். விமானம் விழுந்தாலும் மறுபடி படம் எடுத்து அனுப்பலாம். சாதாரணக் கடிதத்துக்கு இந்தக் காப்பு கிடையாது.

கோளாறு பெரும்பாலும் எழுதுகிறவர் கையில். கைக்கு வரும் அச்சு, படிவத்தின் நீள அகலத்தில் ஏறத்தாழ பாதிதான். மூன்று மி.மீ. உயரத்தில் எழுதினால் ஒன்றரை மி.மீ. ஆகிவிடும், பாட்டிக்குப் பூதக்கண்ணாடி தேட வேண்டியதுதான். மை அடர் கறுப்பாக இருக்க வேண்டும். பென்சிலும் வெளிறிய நீல மையும் படத்தில் நிற்காது. மேலே உள்ள முகவரிக் கட்டத்தைத் தட்டச்சு போலப் பெரிய எழுத்தில் நிரப்ப வேண்டும், ஏனென்றால் உறையின் சன்னலில் தெரிவது அந்தப் படம்தான். தபால்காரருக்கு வேறு துப்பு இல்லை. ஓரத்தில் நெருக்கி எழுதிய கடைசி வரி வெட்டுப்பட வாய்ப்புண்டு, அங்கே முத்தத்துக்கான x குறி போடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பையனுக்கு வீட்டிலிருந்து எழுதும்போது படை எண், படைப் பதவி, பெயர், பள்ளி எண் என்ற வரிசை முக்கியம். அவன் இடம் மாறியிருந்தாலும் படை எண் இருந்தால் கடிதம் பின்தொடர்ந்து போகும். அதில் ஓர் இலக்கம் பிசகினால் ஒரே பெயர்க்காரர் இன்னொருவர் கைக்குப் போய்விடும்.

எதுவும் உள்ளே வைத்து அனுப்ப முடியாது. புகைப்படம், பத்திரிகைத் துண்டு, பண ஆணை எல்லாம் கப்பலுக்குத்தான். அந்தரங்கமும் குறைவு: தணிக்கையாளர், படம் எடுப்பவர், அச்சிடுபவர் என்று பல கண்கள். காதல் கடிதத்துக்கு லாயக்கில்லை. படம் என்பதால் கேலிச்சித்திரம் வரையலாம், கிறிஸ்துமஸ் வாழ்த்து தீட்டலாம், எந்த மொழியின் எழுத்திலும் எழுதலாம். தந்திக்கு இந்த மூன்றும் வராது.

போட்டிக்கு இருந்தவற்றில் ஈ.எஃப்.எம். தந்தி (வெளிநாட்டில் இருந்த படையினருக்கான சலுகைத் தந்தி) வேகம். எண்ணிட்ட ஆயத்த வாசகப் பட்டியலில் மூன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டரை ஷில்லிங் கட்டினால் போதும். எண்ணை மட்டும் அனுப்புவதால் மலிவு. எண் ஒன்று தவறினால் பிறந்தநாள் வாழ்த்துக்குப் பதில் வேறேதோ வந்து நிற்கும். நலம் சொல்லலாம், என்ன நடந்தது என்று சொல்ல வழியில்லை. உண்மையான எதிரி, மடித்து ஒட்டும் மெல்லிய விமானக் கடிதத்தாள். இடம் அதிகம், கையெழுத்து அப்படியே வரும், மடித்து ஒட்டியும் விடலாம். விமானங்களில் இடம் கூடியதும் இதுவே ஜெயித்தது. ஏர்கிராஃப் 1945 ஜூலை 31-இல் நின்றது.

எங்கள் பரிந்துரை கலப்பு முறை. முக்கியச் செய்திக்கு ஏர்கிராஃப், விரிவுக்கு அதே நாளில் கப்பல் கடிதம். இரண்டிலும் மேலே தொடர் எண் போட வேண்டும். 14 வந்து 13 வராவிட்டால் எது தொலைந்தது என்று வீட்டுக்குத் தெரியும்; முன்பின்னாக வந்தாலும் குழப்பம் இல்லை.

இன்று ஏலத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: அச்சும் சன்னல் உறையும் சேர்ந்திருந்தால் மட்டும் நல்ல விலை கொடுங்கள். அச்சிட்டபோது ரசாயனம் போகச் சரியாக அலசாத புகைப்படத் தாள் மஞ்சளடித்து மங்கும், போகப் போக இன்னும் மங்கும். பி.வி.சி. உறையில் வைக்காமல் பாலியெஸ்டர் உறையில் வைத்து, வெயில் படாமல் பாதுகாக்கவும். சுருண்டிருந்தால் இஸ்திரி போட வேண்டாம். கனமான புத்தகத்தின் அடியில் சில நாள் கிடந்தால் தானே நிமிரும்.