‘ரேம் ஃபுல்லு’ என்று பில்லை நீட்டினால் உஷார்

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். 12 பில்லிங் கவுன்டர், பின்னறையில் ஒரு லினக்ஸ் சர்வர், அதில் பில், ஸ்டாக் கணக்கெல்லாம் வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். யாராவது ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்தால் போதும், கவுன்டரில் பில் விழாமல் திணறும். ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டிருந்த இடத்துக்கு போன் செய்தேன். வந்த தம்பி, மெமரி கணக்கைக் காட்டும் ‘ஃப்ரீ’ என்ற கமாண்டை அடித்து, திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார்.

“8 ஜிபில 180 எம்பிதானுங்ணா ஃப்ரீயா இருக்கு. அப்புறம் எப்படிங்ணா ஓடும்?”

கண்ணால் பார்த்த பிறகு என்ன பேச? ரூ.7,400 கொடுத்து 16 ஜிபி ஆக்கினேன். மூன்றே நாளில் ஃப்ரீ மறுபடி 210 எம்பி. திணறலும் அப்படியே.

அடுத்த தடவை வந்தவர் 32 போடச் சொன்னார். எந்த புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று காட்டும் ‘டாப்’பைத் திறந்து, ஒவ்வொரு போஸ்ட்கிரெஸ் பிராசஸுக்கும் (கவுன்டருக்கு ஒன்றாக ஓடுவது) எதிரே இருந்த 1.8 ஜிபியை 12 கவுன்டருக்கும் கூட்டி, “21.6 வேணுங்ணா” என்றார். 16 ஜிபி பெட்டிக்குள் 21.6 எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கையில் பணம் இல்லை என்றதும், 10 நிமிஷத்துக்கு ஒரு முறை மெமரியைத் ‘துடைக்கிற’ செட்டிங் ஒன்றைப் போட்டு ரூ.1,500 வாங்கிப் போனார். அன்றிலிருந்து 10 நிமிஷத்துக்கு ஒரு தரம் 12 கவுன்டரும் ஒன்றாக உறைந்து நிற்கும். புடவையைக் கையில் வைத்துக்கொண்டு ஜனம் என்னைப் பார்க்கும்.

லீவுக்கு வந்த அக்கா பையன்தான் குட்டை உடைத்தான். லினக்ஸின் மையமான கெர்னல் ரேமைச் சும்மா வைத்திருக்காதாம். டிஸ்க்கில் படித்ததையெல்லாம் மறுபடி உதவும் என்று ரேமிலேயே கேச்சில் போட்டு வைக்கும், புரோகிராம் கேட்டால் காலி செய்து கொடுக்கும். அதனால் 16 போட்டாலும் 32 போட்டாலும் ஃப்ரீ கொஞ்சமாகத்தான் காட்டும். பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’. ஃப்ரீயையும் கேச்சையும் கூட்டி ஆளாளுக்குத் தப்புக் கணக்குப் போட்டதால், 2014-இல் லினக்ஸ் 3.14-இல் கெர்னலே அந்த எண்ணைக் கணித்துத் தர ஆரம்பித்ததாம். ஏனென்றால் பல பிராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் மெமரியும் கேச் கணக்கில் சேர்ந்திருக்கும், அதைக் காலி செய்ய முடியாது.

பழைய வாட்ஸப் போட்டோவைத் திறந்தோம். பஃப்/கேச்சில் 4,540. அதற்கு அடுத்து, கடைசிப் பத்தியில் வர வேண்டிய அவைலபிள் போட்டோவில் இல்லவே இல்லை! வேணுமென்றே வெட்டினாரோ, தெரியாமல் விட்டாரோ. பகிரும் மெமரிக்கு 2,100 போனாலும் ஏறக்குறைய 2,400 எம்பி அன்றைக்கே இருந்திருக்கிறது.

அந்த 21.6? போஸ்ட்கிரெஸுக்கு ஒதுக்கிய 2 ஜிபி எல்லா பிராசஸுக்கும் பொது. ஒரே அண்டாச் சோற்றை 12 பேரும் தன் பேரில் எழுதிக்கொண்ட கணக்கு. பகிர்ந்ததை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்ட பிஎஸ்எஸ் என்று தனி எண்ணே இருக்கிறது, ஒவ்வொரு பிராசஸுக்கும் கெர்னல் வைத்திருக்கும் ஸ்மாப்ஸ் ஃபைலில்.

கெர்னல் லாகில் ‘டிராப்_கேச்சஸ்: 3’ என்ற வரி 10 நிமிஷத்துக்கு ஒன்றாக வரிசை கட்டி நின்றது. கேச்சைத் துடைத்துவிட்டு அதே டேட்டாவை மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்க வைத்திருக்கிறார்கள். நிஜமாகவே மெமரி தீர்ந்திருந்தால் கெர்னல் ஏதாவது பிராசஸைக் கொன்று, ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று லாகில் எழுதியிருக்கும். ஒரு வரி கூட இல்லை. ரிப்போர்ட் ஓடும்போது, மெமரியும் டிஸ்க்கும் படும் பாட்டைக் காட்டும் ‘விஎம்ஸ்டாட்’ கமாண்டைப் போட்டான். ரேம் போதாமல் டிஸ்க்குக்குத் தள்ளுவதும் திரும்ப எடுப்பதுமான ஸ்வாப்பைச் சொல்லும் எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் பூஜ்யம். டிஸ்க்குக்காகக் காத்திருப்பதைச் சொல்லும் டபிள்யூஏ மட்டும் 40 சதவீதத்துக்கு மேல். கிழட்டு ஹார்ட் டிஸ்க்! எஸ்எஸ்டி மாற்றினோம், அந்தத் துடைப்பத்தையும் தூக்கி எறிந்தோம். திணறல் போச்சு.

போன் செய்து கேட்டேன். “ரேம் வீணா போகாதுங்ணா, இருக்கட்டும்” என்றார்கள். ஏஎம்சியை நிறுத்திவிட்டேன். ரூ.1,500 திரும்பி வந்தது. ரூ.7,400 பெட்டிக்குள்தான் கிடக்கிறது.